ஒத்திகைக்கு முழுக் கட்டணம்: என்.எஃப்.எல். முன்பருவ ஆட்டங்களின் விலை குறித்து

1. கேள்வி

2019 ஆகஸ்ட் 22 அன்று கனடாவின் வின்னிபெக் நகரில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியும் ஆடின. அமெரிக்கக் கால்பந்தின் களம் 100 கெஜ நீளம். அன்று 80 கெஜத்தில்தான் ஆட்டம் நடந்தது. கனடியக் கால்பந்தில் கோல் கம்பங்கள் நிற்கும் இடம் வேறு. அவற்றைப் பிடுங்கிய குழிகள் மூடப்பட்ட விதம் கவலை தரவே, இரு முனைகளிலும் பத்துப் பத்து கெஜம் குறைக்கப்பட்டது. தொடக்க உதையும் கைவிடப்பட்டது. பேக்கர்ஸ் தன் வீரர்களில் 33 பேரைக் களமிறக்கவில்லை. அணியின் முகமான ஆரோன் ராஜர்ஸும் ஆடவில்லை. ரெய்டர்ஸ் 22–21 என்று வென்றது. அந்த வெற்றி எந்தப் பட்டியலிலும் புள்ளியாகச் சேரவில்லை. இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் இதைக் காண வந்திருந்தனர்.

இது விதிவிலக்கான நிகழ்வுதான். ஆனால் என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகின் முன்பருவ ஆட்டங்களைப் பற்றி ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் எல்லாக் குறைகளும் அந்த ஒரே மாலையில் கூடிவந்தன: சுருங்கிய ஆட்டம், வராத நட்சத்திரங்கள், பொருளற்ற முடிவு. காசு கொடுத்துப் பார்க்கத் தக்கவையா இவை? வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. ‘பகல் கொள்ளை’ என்பது ஒன்று. ‘புது வீரர்களைப் பார்க்கலாம், குழந்தைகளை அழைத்துப் போகலாம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஆட்டத்தின் தரத்தை வைத்து விலையை எடை போடுகின்றன. ஆனால் இந்த விலை ஆட்டத்தைப் பார்த்து வைத்த விலையே அல்ல என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அது எப்படி உருவானது என்று பார்க்காமல் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

2. ஆறு, நான்கு, மூன்று

முன்பருவ ஆட்டம் ஒரு காலத்தில் பெரிய நிகழ்வாகவே இருந்தது. 1934இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ இதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் ஒரு போட்டியைத் தொடங்கினார். கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் ஒருபுறம், முந்தைய ஆண்டின் தொழில்முறைச் சாம்பியன் மறுபுறம். முதல் ஆட்டம் 0–0 என்று சமனில் முடிந்தது. பார்த்தவர்கள் 79,432 பேர். 1947இல் அதே சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அன்று கல்லூரிக் கால்பந்துக்கு இருந்த மதிப்பு தொழில்முறை ஆட்டத்துக்கு இல்லை. ‘சம்பளத்துக்கு ஆடுபவர்கள் உண்மையிலேயே சிறந்தவர்களா?’ என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த ஆட்டம் அதற்கு விடை தேடியது. முடிவில் ஏதோ பணயம் இருந்தது. தொழில்முறை அணிகளின் மேன்மை ஐயத்துக்கு இடமின்றி ஆனதும் போட்டி தன் காரணத்தை இழந்தது. 1976இல் கடைசி ஆட்டம் பெருமழையில் பாதியில் நின்றது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 24–0 என்று முன்னணியில் இருந்தது. அதன்பின் யாரும் அதை மீண்டும் நடத்தவில்லை.

அணி இல்லாத ஊர்களுக்கும் முன்பருவ ஆட்டங்கள் சென்றன. நியூ ஆர்லியன்ஸ் 1967இல் தனக்கென ஓர் அணியைப் பெறுவதற்கு முன்பே இத்தகைய ஆட்டங்களைப் பார்த்திருந்தது. பின்னாளில் இதே வழி கடல் கடந்தது. 1986 முதல் 2005 வரை ‘அமெரிக்கன் பௌல்’ என்ற பெயரில் லண்டன், டோக்கியோ, மெக்சிகோ நகரம் எனப் பல இடங்களில் ஆடினார்கள். 1994இல் மெக்சிகோவின் அஸ்டெக்கா அரங்கில் டல்லஸ் கௌபாய்ஸ், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 1,12,376 பேர். வேறு வழியில் அந்த ஆட்டத்தைக் காண முடியாதவர்களுக்கு முன்பருவ ஆட்டமும் முழு ஆட்டம்தான். பின்னால் வரும் வாதத்துக்கு இது தேவைப்படும்.

எண்ணிக்கையின் வரலாறு சுருக்கமானது. புள்ளிக் கணக்கில் சேரும் லீக் ஆட்டங்கள் 14 இருந்த காலத்தில் அணிகள் ஆறு முன்பருவ ஆட்டங்கள்வரை ஆடின. 1978இல் அது 16ம் நான்கும் ஆனது. 2021இல் 17ம் மூன்றும் ஆனது. ஓஹையோவின் கேன்டனில் நடக்கும் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்தில் இடம்பெறும் இரு அணிகளுக்கு மட்டும் ஒன்று கூடுதல். அந்த ஆறு ஆட்டங்களுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. பழைய வீரர்கள் பலர் ஆண்டின் பிற மாதங்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, உடம்பு தளர்ந்த நிலையில் முகாமுக்கு வருவார்கள். இன்றைய வீரர் ஆண்டு முழுதும் பயிற்சியில் இருக்கிறார். உடலைத் தயார்ப்படுத்தவே இந்த ஆட்டங்கள் என்ற பழைய காரணம் எப்போதோ தேய்ந்துவிட்டது.

3. களத்தில் உண்மையில் நடப்பது

கோடையில் ஒவ்வோர் அணியும் 90 வீரர்களோடு தொடங்கி, லீக் தொடங்குமுன் 53 பேராகக் குறைக்க வேண்டும். 32 அணிகளிலும் சேர்த்தால் 1,184 பேர் பட்டியலிலிருந்து நீங்குகிறார்கள். அவர்களில் ஓர் அணிக்குப் பதினாறு பேர் அளவில் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கலாம். மற்றவர்களுக்கு முன்பருவ ஆட்டமே கடைசி ஆட்டமாகவும் ஆகலாம். ஆக, முன்பருவ ஆட்டத்தில் பணயம் இல்லை என்பது சரியல்ல. அணிக்குத்தான் பணயம் இல்லை, ஆளுக்கு நிறையவே உண்டு. நான்காம் பகுதியில், பாதி காலியான அரங்கில், பெயர் தெரியாத ஒருவர் பந்துக்காகப் பாய்வது வாழ்க்கைப் போராட்டம். வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு அது நல்ல நாடகம்.

2010 ஆகஸ்டில் அப்படி ஒன்று நடந்தது. நியூ ஜெர்சியின் புதிய மெடோலேண்ட்ஸ் அரங்கில் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் அணிகள் மோதின. புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில் எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாமல், பிறகு ஜயன்ட்ஸ் முகாமில் சேர்ந்த விக்டர் க்ரூஸ் அன்று மூன்று டச்டவுன்கள் எடுத்தார். அடுத்த பருவத்தில் சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியை வென்ற அணியின் முன்னணிப் பந்துபிடிப்பாளர் அவரே. 2012இல் மூன்றாம் சுற்றில் தேர்வான ரஸல் வில்சன், பெரும் ஒப்பந்தத்தில் வந்த மேட் ஃப்ளின்னை முந்திக்கொண்டு சியாட்டிலின் முதல்நிலைக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) ஆனதும் முன்பருவ ஆட்டங்களின் வழியாகத்தான். அன்று அரங்கில் இருந்தவர்கள் கொடுத்த காசுக்கு ஏதோ பெற்றார்கள்.

ஆனால் ஆட்டத்தின் முடிவு எதையும் காட்டுவதில்லை. 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் நான்கு முன்பருவ ஆட்டங்களையும் வென்றது. லீகில் பதினாறிலும் தோற்றது. 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதையே அச்சாகச் செய்தது. பால்டிமோர் ரேவன்ஸ் 2016இன் முதல் முன்பருவ ஆட்டத்திலிருந்து 2023 ஆகஸ்ட் வரை 24 முன்பருவ ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அந்த ஆண்டுகளில் அதற்கு ஒரு சூப்பர் பௌல்கூடக் கிட்டவில்லை. பயிற்சியாளர்கள் உத்திகளை மறைத்து, எளிய வகைகளை மட்டும் ஆடவிடும் களத்தில் வெற்றிக்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்?

நட்சத்திரங்கள் வராததற்கும் காரணம் தெளிவு. 2003இல் அட்லாண்டாவின் மைக்கேல் விக்குக்கு முன்பருவ ஆட்டத்தில் கால் முறிந்தது. 2016இல் டல்லஸின் டோனி ரோமோ முதுகெலும்பில் அடிபட்டார். அவர் இடத்துக்கு வந்த டாக் பிரெஸ்காட் பிறகு அதை விடவே இல்லை. 2024இல் மினசோட்டா முதல் சுற்றில் எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி, முன்பருவ ஆட்டம் ஒன்றில் முழங்கால் சவ்வு கிழிந்து அப்பருவம் முழுவதையும் இழந்தார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வே 2018இல் முதல்நிலை வீரர்களை முன்பருவத்தில் ஆடவிடுவதையே ஏறக்குறைய நிறுத்தினார். அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பௌல் வரை சென்றது. பிறர் பின்பற்ற அது போதுமான சான்று. ஒத்திகை ஆட்டம் என்று சொல்லப்பட்ட மூன்றாம் ஆட்டத்தில் முதல்நிலை வீரர்கள் பாதி ஆட்டமாவது ஆடுவார்கள் என்ற பழைய உறுதியும் மறைந்துவிட்டது.

அந்த ஒத்திகை இப்போது வேறிடத்தில் நடக்கிறது. இரு அணிகள் முகாமில் ஒன்றுகூடிக் கூட்டுப் பயிற்சி செய்கின்றன. குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, முதல்நிலை வீரர்கள் எதிரணியின் முதல்நிலை வீரர்களோடு மோதுவது அங்கேதான். பல அணிகளின் முகாம்களுக்கு நுழைவு இலவசம் அல்லது மிக மலிவு. கிரீன் பேயில் ரே நிட்ச்கி திடலின் பயிற்சியைக் காசில்லாமல் பார்க்கலாம். நல்ல சரக்கு இலவசமாகவும் மாற்றுச் சரக்கு கட்டணத்தோடும் கிடைக்கும் இந்த விசித்திரத்தைப் பற்றி லீக் அதிகம் பேசுவதில்லை.

4. கட்டாயக் கட்டு: நீதிமன்றங்கள் சொன்னவை

அப்படியானால் இந்த ஆட்டத்துக்கு முழு விலை எப்படி நிலைத்தது? சீசன் டிக்கெட்டின் வழியாக. எட்டு லீக் ஆட்டங்களுக்கு இருக்கை வேண்டுமென்றால் இரண்டு முன்பருவ ஆட்டங்களையும், பெரும்பாலும் அதே விலையில், சேர்த்தே வாங்க வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. வேண்டாம் என்றால் இருக்கை அடுத்தவருக்குப் போகும். யூரியா கேட்டுப் போகும் விவசாயியின் தலையில் இணை இடுபொருளையும் கட்டிவிடும் உரக்கடையை நம் ஊரில் அறிந்தவர்களுக்கு இந்த வணிகத்தை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டத்திலும் இதற்குப் பெயர் உண்டு. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கக் கட்டாயப்படுத்துவது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். 1970களின் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்து, மினசோட்டா, டெட்ராய்ட், பஃபலோ, டல்லஸ் ஆகிய இடங்களின் ரசிகர்கள் அடுத்தடுத்து வழக்குப் போட்டார்கள். எல்லோரும் தோற்றார்கள். இவற்றில் பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிரான வழக்கில் 1974இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் கவனத்துக்குரியது. கட்டாயக் கட்டு தவறாவது எப்போது? ஒரு சந்தையில் உள்ள பலத்தைக் கொண்டு இன்னொரு சந்தையில் போட்டியாளரை விரட்டும்போது. பஃபலோவில் தொழில்முறைக் கால்பந்து முழுதும் பில்ஸின் கையில். முன்பருவ ஆட்டத்தை விற்கும் வேறு அணி அங்கே இல்லை. விரட்டப்படப் போட்டியாளரே இல்லாதபோது, போட்டிக்கு என்ன கேடு?

தீர்ப்பு தர்க்கத்தில் வழுவற்றது. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். அரைகுறை ஏகபோகம் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். முழு ஏகபோகம் வைத்திருப்பவர் தப்பித்துவிடுவார். சட்டம் போட்டியைக் காக்கிறது, வாங்குபவரை அல்ல என்ற அமெரிக்க மரபு இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அத்தோடு நீதிமன்றக் கதவு ஏறக்குறைய அடைபட்டது.

5. ஸ்டிக்லரின் கணக்கு

பொருளியலாளர்களிடம் இதைச் சொன்னால் சிலர் தோளைக் குலுக்குவார்கள். அவர்களின் வாதம் இது: ரசிகர் வாங்குவது பத்து ஆட்டங்களின் கட்டு. அதற்கு அவர் தரத் தயாராக உள்ள மொத்தத் தொகையைத்தான் அணி கேட்கிறது. அந்தத் தொகையைப் பத்தால் வகுத்து ஒவ்வொரு டிக்கெட்டிலும் அச்சிடுவது வெறும் காகிதக் கணக்கு. முன்பருவ டிக்கெட்டின் விலையைப் பூஜ்யமாக்கினால் லீக் டிக்கெட் அந்த அளவுக்கு ஏறும். பாக்கெட்டிலிருந்து போவது அதேதான்.

இதில் பாதி உண்மை. மறுபாதிக்கு ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இல் எழுதிய சிறு கட்டுரை உதவுகிறது. தொலைக்காட்சி நிலையங்களுக்கு நல்ல படத்தோடு ஓடாத படத்தையும் சேர்த்துக் கட்டி விற்ற திரைப்பட நிறுவனங்களைப் பற்றியது அது. வாங்குபவர்களின் விருப்பம் ஒருவருக்கொருவர் மாறுபடும்போது கட்டி விற்பது அதிக வருவாய் தரும் என்று அவர் காட்டினார். அதை நம் களத்துக்குக் கற்பனை எண்களோடு கொண்டுவரலாம். முதல் ரசிகருக்கு லீக் ஆட்டங்கள் 900 டாலர் பெறும், முன்பருவம் 50 பெறும். இரண்டாமவருக்கு முறையே 800, 120. தனித்தனியே விற்றால் லீகை 800க்கு இருவருக்கும், முன்பருவத்தை 120க்கு ஒருவருக்கும் விற்கலாம், மொத்தம் 1,720. கட்டி விற்றால் இருவரும் 920 தருவார்கள், மொத்தம் 1,840.

இழப்பு யாருக்கு? இரண்டாமவருக்கு எந்த மாற்றமும் இல்லை. இரு முறைகளிலும் தன் மதிப்பின் அளவுக்கே செலவிடுகிறார். தனியே விற்றால் முதலாமவர் 900 பெறுவதை 800க்கு வாங்கி 100 டாலர் மிச்சம் பார்த்திருப்பார். கட்டில் அவர் மிச்சம் 30 ஆகிறது. லீக் ஆட்டத்தை உயிராக நேசித்து, முன்பருவத்தைச் சட்டை செய்யாதவர்தான் அவர். உரக்கக் குறை சொல்லும் சீசன் டிக்கெட்காரரின் முகம் இது. அவர் உணர்ச்சிவசப்பட்டுப் புலம்புகிறார் என்று தள்ளிவிட முடியாது. கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. ஆகஸ்ட் அரங்கில் விற்றுப்போன, ஆனால் ஆளில்லாத இருக்கைகள் ஏன் அத்தனை என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை விற்பனையான டிக்கெட்டுகளைச் சொல்கிறது. வாயிலைக் கடந்தவர்களை அல்ல.

2010களில் பல அணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் விலையை மாற்றத் தொடங்கின. முன்பருவம் மலிவானது, லீக் ஆட்டம் ஏறியது. கட்டு கலையாதவரை முதல் ரசிகரின் நிலை இதனால் மாறாது. ஒரே ஓர் ஆட்டத்துக்குச் கவுண்ட்டரில் டிக்கெட் வாங்குபவருக்குத்தான் உண்மையான லாபம். மறுவிற்பனைத் தளங்களும் அதே திசையில் இழுத்தன. அச்சிட்ட விலையில் சிறு பங்குக்கு முன்பருவ டிக்கெட் அங்கே கிடைப்பது வழக்கம். பலர் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

அணிகளின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. வீரர்களின் சம்பளம் லீக் வாரங்களைக் கணக்கிட்டே தரப்படுகிறது. முகாமில் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பப் படி. ஆக, முழு விலை டிக்கெட், முழு விலை பீர், முழு வாகன நிறுத்தக் கட்டணம், மிகக் குறைந்த கூலி. ஒரு காலத்தில் இது அணிகளுக்கு மிக முக்கியமான வருமானமாக இருந்திருக்கும். இன்று அப்படியில்லை. பொதுமக்களே பங்குதாரர்களாக இருப்பதால் கணக்கை வெளியிடும் ஒரே அணி பேக்கர்ஸ். 2024இல் அது காட்டிய தேசிய வருவாய்ப் பங்கு, பெரும்பகுதி தொலைக்காட்சிப் பணம், 40 கோடி டாலரைத் தாண்டியது. அதன் பக்கத்தில் ஓரிரு ஆகஸ்ட் மாலைகளின் டிக்கெட் பணம் சிறியது. கட்டைக் கலைத்தால் அணி திவாலாகிவிடும் என்ற வாதம் இனி எடுபடாது.

6. வாக்குறுதி இருந்தால்

வந்த நட்சத்திரம் ஆடாவிட்டால் பணம் திரும்புமா? உலகக் கால்பந்திலிருந்து இரு நிகழ்வுகள் ஒப்பீட்டுக்கு உதவும். 2019 ஜூலையில் சியோலில் யுவென்டஸ் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ பெஞ்சைவிட்டு எழவே இல்லை. அவர் ஆடுவார் என்று விளம்பரம் செய்திருந்த ஏற்பாட்டு நிறுவனம் வழக்கிட்ட இரு ரசிகர்களுக்கு இழப்பீடு தர வேண்டுமென்று 2020இல் இன்சியோன் நீதிமன்றம் தீர்த்தது. 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இன்டர் மயாமி ஆடியபோது லயனல் மெஸ்ஸி களமிறங்கவில்லை. அரங்கம் கூச்சலிட்டது, ஏற்பாட்டாளர் பாதி விலையைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்.

என்.எஃப்.எல். இந்த வலையில் சிக்குவதில்லை. அது எந்த வீரரையும் வாக்களிப்பதில்லை. இரு அணிகள் ஆடும் என்பது மட்டுமே விற்பனைப் பொருள். 2016இல் கேன்டனில் களத்தில் பூசிய வண்ணம் இறுகி ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம் ரத்தானபோது டிக்கெட் பணம் திரும்பியது. பயணச் செலவுக்காக ரசிகர்கள் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. ஆட்டம் நடக்காவிட்டால்தான் பொறுப்பு. நடந்துவிட்டால், யாரைக் கொண்டு நடத்தினாலும், கேள்வியில்லை. லீக் ஆணையர் ரோஜர் குடெல்லே முன்பருவ ஆட்டங்களின் தரம் குறைவு என்று பலமுறை ஒப்புக்கொண்டவர். விற்பவரே குறை சொல்லும் சரக்குக்கு முழு விலை என்பது வணிக உலகில் அபூர்வம்.

7. யாருக்கு, என்ன விலையில்

சான்றுகளை எடைபோட்டால் ஒற்றை விடை வராது. கட்டாயக் கட்டுக்குள் முழு விலைக்கு வாங்குவது பெரும்பாலோருக்கு இழப்பே. அந்த இருக்கையை அவர்கள் வாங்குவது செப்டம்பருக்காக. மறுவிற்பனையில் சில டாலருக்கு வாங்குபவரின் கதை வேறு. அவருக்கு மெக்சிகோ நகரத்து ரசிகரின் நிலை: லீக் ஆட்டத்தின் விலை எட்டாத குடும்பத்துக்கு இதுவே அரங்கத்தைக் காணும் வழி. தன் அணியின் 70ஆவது வீரர்வரை பெயர் தெரிந்தவருக்கும், முதல் சுற்றில் எடுத்த புதிய குவார்ட்டர்பேக்கின் முதல் பந்தைப் பார்க்க விரும்புபவருக்கும் ஆகஸ்டே சிறந்த மாதம். நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் முகாமுக்குப் போங்கள், பணம் மிச்சம்.

இந்த ஆட்டங்களின் உண்மையான மதிப்பை அறிய ஒரு சோதனை இருக்கிறது: கட்டைக் கலைத்து, தனியே விற்றுப் பார்ப்பது. அப்படிச் செய்யாமல் எண்ணிக்கையைக் குறைப்பதே லீகின் போக்கு. 2024இல் குடெல் 18 லீக் ஆட்டங்கள், இரண்டு முன்பருவ ஆட்டங்கள் என்ற ஏற்பாட்டுக்கு ஆதரவு தெரிவித்தார். ரசிகருக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். முன்பு சொந்த அரங்கில் எட்டு லீகும் இரண்டு முன்பருவமும், ஆக பத்து. இப்போது ஓராண்டு ஒன்பதும் ஒன்றும், மறு ஆண்டு எட்டும் இரண்டும், மீண்டும் பத்து. 18 ஆட்டத் திட்டத்தில் ஒன்பதும் ஒன்றும், அப்போதும் பத்தே. கட்டின் அளவு அப்படியே இருக்கும். உள்ளே மட்டமான ஓர் ஆட்டத்துக்குப் பதில் உயர்ந்த ஆட்டம் வருவதால் விலை ஏறும். அந்தக் கூடுதல் ஆட்டத்தின் அடிகளை வாங்கப்போகும் வீரர் சங்கத்தோடுதான் லீக் இப்போது பேரம் பேச வேண்டியிருக்கிறது. சீசன் டிக்கெட்காரர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.